சினை மீன் ஏன் செத்தது என்று கேட்டார்கள்

மீன் தொட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் நான்கைந்து பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். சினையாக இருக்கிற கப்பி மீனை எப்போது தனியாகப் பிரிக்க வேண்டும், குட்டி போடப் போவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்கள். வயிறு எப்போது சதுரமாகும், வாலுக்கு முன்னால் இருக்கிற புள்ளி எப்போது கறுக்கும் என்பதையெல்லாம் உங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். அதனால்தான் அன்றைக்கு டீயைக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டேன். நீங்கள் கிளம்பிய பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டோமே என்று கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நாமக்கல்லில் கடை போட்டு, ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்த் தொட்டி பார்த்தவள் நான். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மீன் செத்த வீட்டில் யாராவது "ஏன்" என்று கேட்டால் உடனே ஒரு காரணத்தைச் சொல்லிவிடுவேன். அந்த வீட்டில் நிற்கும்போதே அடுத்த வீட்டிலிருந்து போன் அடிக்கும். கடையில் ஆள் காத்திருப்பார்கள். காரணம் சொன்னால்தான் அங்கிருந்து நகர முடியும். தீவனம் அதிகம், தண்ணீர் புதுசு, வெயில் படுகிறது என்று ஏதாவது ஒன்று. பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிடும். அதனால் பழக்கம் வளர்ந்துகொண்டே போனது.

எருமப்பட்டி போகிற ரோட்டை ஒட்டி ஒரு வீடு. மாடி வீடு, ஆனால் மூன்றே பேர். மாமியார், மகன், மருமகள். மகன் சதீஷ் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் அலுவலக வேலை பார்த்தார். அம்மா அவரைச் செல்லமாக 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். மருமகள் கௌசல்யா நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். நான்கு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. பகலெல்லாம் தனியாக இருக்கிறாளே என்று சதீஷ் ஒரு மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் வைத்ததும் நான்தான்.

அவள் கைக்கு அந்தத் தொட்டி நன்றாக வந்தது. எந்த கப்பி எப்போது சினையானது, எது குட்டி போட இடம் தேடி மூலையில் ஒதுங்குகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். மூன்று முறை குட்டிகளைக் காப்பாற்றிப் பெரிதாக்கியிருந்தாள். மிச்சமானதை என் கடைக்கே கொண்டுவந்து கொடுப்பாள். அந்த வீட்டைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. நான் மோகனூர் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிப் பேசினேன்.

"அக்கா, கௌசல்யா பேசறேனுங்க. ஒரு கப்பி செத்துப்போச்சுங்க. நாளைக்கோ நாளன்னிக்கோ குட்டி போட்டிருக்குமுங்க."

"தண்ணி மாத்துனயா கண்ணு?"

"ஞாயித்துக்கெழமை மாத்துனதுதானுங்க. எப்பவும் போலக் கால்வாசிதான்."

"ஒன்னு ரெண்டு அப்படிப் போறதுதான். பாத்துக்கலாம்."

ஆறாம் நாள் இன்னொன்று. அதுவும் சினை. செத்ததன் பக்கத்தில் முழுசாக வளராத குட்டிகள் இரண்டு கிடந்தனவாம். இந்த முறை நேரில் போனேன்.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். மாமியாருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். மாடிப்படி ஏற முடியாது என்று கீழேயே தங்கியிருந்தார். வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷனை விசாரிக்க வந்த உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர். சதீஷ் வேலைக்குக் கிளம்பி, டிபன் பையோடு நின்றார். நான் தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து மருந்து ஊற்றிப் பார்த்தேன். நிறம் சரியாக இருந்தது. மறுபடி பார்த்தேன். அப்போதும் சரியாக இருந்தது. தீவனத்தை முகர்ந்தேன். வடிகட்டியைக் கழற்றினேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் மிச்சமிருந்த மீன்கள் சுறுசுறுப்பாக இல்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனம்மிணி, தண்ணியில ஒன்னுமில்லீங்கறீங்க. தீனியும் நல்லாருக்குங்கறீங்க. அப்பறம் ஏனுங்க சாகுது?"

ஐந்து பேர் பார்க்கிறார்கள். பையில் போன் அடிக்கிறது. ராசிபுரம் ரோட்டில் ஒரு வீட்டில் தொட்டிக் கண்ணாடி விரிசல் விட்டுத் தண்ணீர் வழிகிறது என்று அதற்கு முன்னாலேயே இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "சினை மீனுக்குக் கை ஆகாதுங்க அக்கா. யாராச்சும் கை உட்டிருப்பீங்க."

சோப்பு, முகத்துக்குப் பூசுகிற கிரீம், பாத்திரம் தேய்க்கிற பவுடர் இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் சொன்னேன். ஆனால் சொன்னது அவ்வளவுதான்.

மாமியார் மெதுவாகச் சொன்னார்: "கை உடறது ஒருத்திதான்."

"நான் நல்லா கழுவிட்டுத்தானுங்க அத்தை உடுவேன். சோப்பு வாசமே இருக்காது."

"நான் சோப்பச் சொல்லலை."

உறவுக்காரப் பெண்களில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். சதீஷ் டிபன் பையைக் கை மாற்றிப் பிடித்தார். கௌசல்யா தன் இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று இன்றைக்கு உங்களிடம் சொன்னால் அது பொய். அந்த இடத்திலேயே நின்று, "அக்கா, நான் சொன்னது சோப்பைத்தான், வேற அர்த்தம் பண்ணாதீங்க" என்று சொல்லியிருக்கலாம். போன் மறுபடி அடித்தது. எடுத்துக்கொண்டே வெளியே வந்து வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கடையில் ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டிய மீனை இன்னொருத்தர் பையில் போட்டேன். போன் செய்யலாம் என்று எடுப்பேன், என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"மூனாவதும் போச்சுங்க அக்கா."

"எப்போ?"

"முந்தாநாளுங்க." வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். "அக்கா, ஒன்னு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. என்ற கையில எதாச்சும் இருக்குமுங்களா?"

"அப்படியெல்லாம் இல்ல கண்ணு. ஏன் கேக்கற?"

"பெரிய மாமனாரூட்டு மருமவளுக்கு இன்னைக்கு வளைகாப்புங்க. எல்லாரும் போயிருக்காங்க. என்னைய வர வேண்டாம்னுட்டாங்க. மீனுக்கே தங்க மாட்டேங்குது, மாசமா இருக்கற புள்ளைக்கு நீ வளையல் போட்டா நல்லாருக்காதுன்னு அத்தை சொன்னாங்க."

அவள் அழவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டாள். நான் கடையில் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். நான் சொன்ன ஒரு வாக்கியம் என் கண் முன்னாலேயே அந்த வீட்டு வாசலைத் தாண்டி உறவுக்காரர்கள் வரைக்கும் போயிருந்தது.

அடுத்து நான் செய்ததைக் கேட்டால் உங்களுக்கு என் மேல் இருக்கிற மரியாதை குறையும். குறைந்தால் குறையட்டும். என் கடையில் இரண்டு மூன்று நாளில் குட்டி போடப்போகிற ஒரு பெட்டை கப்பி இருந்தது. நல்ல தெம்பான மீன். அதை எடுத்துக்கொண்டு போனேன். இது அந்தத் தொட்டியில் குட்டி போட்டுவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். காரணத்தைத் தேடிப் பார்க்காமல் வாயை அடைக்கப் பார்த்தேன். மாமியார் பார்க்கும்படி என் கையாலேயே அதைத் தொட்டியில் விட்டேன். "குட்டி போடற வரைக்கும் யாரும் தொட வேண்டாங்க" என்று கௌசல்யாவிடமே சொன்னேன். அவள் தலையாட்டினாள். தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டாம் நாள் அந்த மீன் செத்துவிட்டது.

நான் போய் நின்றபோது மாமியார் சொன்னார்: "கை வெக்கலீங்க, நெசந்தான். ஆனா பாத்துட்டே உக்காந்திருந்தாளுங்க அம்மிணி."

கையிலிருந்து பழி கண்ணுக்குப் போய்விட்டது. கௌசல்யா எழுந்து அடுப்படிக்குள் போனாள். உள்ளே பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கடையில் நன்றாக இருந்த மீன். நான் விட்டேன். அவள் தொடவில்லை. இருந்தும் செத்தது. அப்படியென்றால் அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது, அதை நான் பார்க்கவில்லை. அத்தனை தடவை போனவள் ஒரு தடவைகூட அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் அங்கே நின்றதில்லை.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். "அக்கா, இன்னைக்கு முழுக்க இங்கயே உக்காந்துக்கறேனுங்க. எனக்குக் காரணம் தெரியலை. தெரியாமலேயே அன்னைக்கு எதையோ சொல்லிட்டேன்" என்றேன். மாமியார் வாக்கரைத் தள்ளிக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு வராது. கால் ஆடிக்கொண்டே இருந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒன்று கண்ணில் பட்டது. தொட்டியின் இடது பக்கம் காற்றுக் குமிழி வருகிறது. வழக்கமாக மீன்கள் குமிழி வருகிற இடத்தில் விளையாடும். இங்கே எல்லா மீன்களும் வலது மூலையில், மேலே, ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்று தவறிக் குமிழிப் பக்கம் வந்தால் உடம்பை உதறிக்கொண்டு திரும்பியது.

"கௌசல்யா, எத்தனை நாளா இப்படி ஒதுங்கி நிக்குது?"

"அத்தைக்கு ஆபரேசன் ஆன சமயத்துலிருந்துங்க அக்கா. குளுருக்கு நிக்குதுன்னு நெனச்சேன்."

காற்று டியூபைக் கையால் பிடித்தேன். அது எங்கே போகிறதோ அங்கேயே நானும் போனேன். சுவரோரமாகப் போய், ஜன்னல் வழியாகப் பக்கத்து அறைக்குள் இறங்கியது. அது மாமியாரின் அறை. கட்டில் தலைமாட்டில் ஒரு பலகை. பலகை மேல் காற்று மோட்டார். அது காற்றை இழுக்கிற துளையை உரசிக்கொண்டு, அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கொசு மெஷின். மணி பதினொன்றாகப் போகிறது. வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கொசு மெஷினின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"இது பகல்லயும் ஓடுதுங்களா அக்கா?"

"ஆமாங்க. பின்னால சாக்கடை. பகலெல்லாம் புடுங்குது. எந்திரிச்சு வெரட்ட முடியுதா என்னால."

மோட்டார் அந்த அறையின் காற்றை உறிஞ்சி, அந்த மருந்தோடு சேர்த்துத் தொட்டிக்குள் ஊதிக்கொண்டிருந்தது. கொசு மருந்து மீனுக்கு எவ்வளவு ஆகாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண் மீன்கள் எப்படியோ தாக்குப்பிடித்தன. வயிறு நிறையக் குட்டியோடு இருந்ததெல்லாம் தாங்கவில்லை. என் சோதனைக் குழாயில் அதெல்லாம் தெரியாது.

அந்த மோட்டாரை அங்கே வைத்தது யார் என்று கேட்பீர்கள். நான்தான். கூடத்தில் ப்ளக் பாயின்ட் கருகிப்போனபோது, ஆள் இல்லாத அறைதானே என்று ஜன்னல் வழியாக டியூபை விட்டு அந்தப் பலகையில் வைத்தேன். பிறகு அந்த அறைக்கு ஆள் வந்தது. அங்கே மோட்டார் இருப்பதையே நான் மறந்துவிட்டேன்.

சதீஷ் மதியச் சாப்பாட்டுக்கு வரும் வரை காத்திருந்தேன். அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. என் நாக்கு நுனியில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: "உங்க கொசு மெஷின்தானுங்க அத்தனையும் கொன்னது." சொன்னால் கௌசல்யாவுக்காக நான் பழி வாங்கியது போல இருக்கும். கோபம் அப்படி இருந்தது. ஆனால் இன்னொரு தடவை அவசரப்பட்டு ஒரு காரணத்தை ஒருத்தர் தலையில் போட்டுவிட்டுப் போக எனக்கு பயமாக இருந்தது.

மூன்று பேரும் இருக்கும்போது சொன்னேன்: "தப்பு என்னுதுங்க. ஆள் இல்லாத ரூம்னு மோட்டாரை அங்க வெச்சேன். அக்கா கீழ வந்தப்பவே எடுத்து வெளிய வெச்சிருக்கோணும். கொசு மருந்துக் காத்து அது வழியாத் தொட்டிக்குள்ள போயிருச்சு. கையின்னு நான் சொன்னதும் தப்பு. கௌசல்யா கைக்கும் கண்ணுக்கும் இதுல ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

மாமியார் தன் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அப்பொ நாந்தான் கொன்னனாக்கும்" என்றார்.

"இல்லீங்க அக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருக்க வேண்டியவ நான்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சதீஷ் கை கழுவுகிற இடத்தில் நின்று, தண்ணீரை ஓடவிட்டபடி, "நான் அன்னைக்கே எதாச்சும் கேட்டிருக்கோணும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கௌசல்யா சோற்றுப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள்.

மோட்டாரை வெளிப்பக்கம் மாற்றினேன். பாதித் தண்ணீரை எடுத்துப் புதுத் தண்ணீர் விட்டேன். அதன் பிறகு நாளுக்கு இரண்டு தடவை போனில் கேட்பேன். பதினைந்து நாளில், சினை முற்றாமல் இருந்ததால் தப்பிப் பிழைத்த ஒரு கப்பி இருபதுக்கும் மேல் குட்டி போட்டது. கௌசல்யா போனில் சொன்னதும் வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். செடிக்கு நடுவில் கண்ணும் வாலுமாகக் குட்டிகள் ஓடின. எனக்கு ஒரே சந்தோஷம். மாமியார் காதில் விழும்படி, "பாருங்க, நம்ம கௌசல்யா கைராசி" என்று சொன்னேன். மாமியார் தலையை ஆட்டினார். பழியைத் துடைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

கௌசல்யா பின்னாலேயே வந்தாள். "அக்கா, அப்படிச் சொல்லாதீங்க."

"எப்படி?"

"கைராசின்னு. நாளைக்கு ஒன்னு செத்துச்சுன்னா என்ன சொல்லுவாங்க? என்ற கைய உட்டுருங்க அக்கா. மீனு பொழச்சாலும் செத்தாலும் என்ற கையப் பேச வேண்டாம்."

ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். முதல் தடவை அவசரத்தில் சொன்னேன், இந்தத் தடவை சந்தோஷத்தில் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போனேன்.

"அக்கா, கைராசின்னு சொன்னதும் தப்புங்க. காத்து நல்லா இருந்துச்சு, மீன் பொழச்சுது. வேற ஒன்னுமில்லை."

மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதையும் எடுத்துட்டீங்கன்னா நான் என்னத்தைச் சொல்றதுங்க? பத்துப் பேருகிட்ட அவ மேல சொல்லி வெச்சிருக்கேன். கைராசியின்னாத் திருப்பிச் சொல்றதுக்கு எனக்கு ஒரு பேச்சு இருந்துச்சு."

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். அவசரப்படவில்லை. "கொசு மெஷின்னே சொல்லுங்க அக்கா. மோட்டாரை வெச்சது நான்னும் சொல்லுங்க" என்றேன்.

மாதம் ஒன்று போனது. அதே தெருவில் கடைசி வீட்டுக்கு வடிகட்டி மாற்றப் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மா நான் கேட்காமலேயே பேச ஆரம்பித்தார்: "மோட்டாருகிட்டக் கொசு மெஷின் வெக்கக்கூடாதாமுங்க. அந்தூட்டு அம்மா வாக்கரப் புடிச்சுட்டு இங்க வரைக்கும் நடந்து வந்து சொல்லுச்சு. 'எம் மெஷினுதான் கொன்னுச்சு, நான் மருமவ மேலப் பழி போட்டுட்டேன்'னு சொல்லிட்டு, டீத்தண்ணிகூடக் குடிக்காம திரும்பிருச்சு."

வடிகட்டியைக் கீழே வைத்தேன். "மருமவகிட்டச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"அது தெரியலீங்களே."

வேலையை எப்படியோ முடித்துவிட்டு நேராக அந்த வீட்டுக்கு வண்டியை விட்டேன். கௌசல்யா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மீனைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்துவிட்டது.

"தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டாங்க அக்கா. எங்கிட்ட மட்டும் இன்னும் ஒன்னும் சொல்லலை" என்றாள். ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். "மெஷின நிறுத்திட்டாங்க. கொசு கடிக்குதுன்னு நேத்து கட்டிலுக்கு வலை கட்டிக் குடுத்தேன். படுத்துட்டே பாத்துட்டு இருந்தாங்க. 'அந்த மூலையக் கொஞ்சம் ஒசத்திக் கட்டு சாமி'ன்னாங்க."

அவள் இன்னொரு துணியை எடுத்துப் பிழிந்தாள்.

"நாலு வருசத்துல என்னைய சாமின்னு கூப்பிட்டதில்லீங்க" என்றாள்.